கண்ணாடிக்காரன் நல்லவனா கெட்டவனா

இந்த ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் பிரேக் மாஸ்டர் பார்த்த தொடர்கள் பதினொன்று. அதில் அவராக ஆசைப்பட்டு உட்கார்ந்து பார்த்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் தொழிலுக்காக.

தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டீயரிங் முன்னால் உட்காருவார். பக்கத்து சீட்டில் இவர். அந்தப் பக்கமும் தரையில் ஒரு பிரேக் உண்டு. மாடிப்படி, மின்கம்பம், எதிரே வரும் லாரி என்று எதை நோக்கி வண்டி போனாலும் இவர் கால் அதை மிதித்துவிடும். இந்த வேலையில் அவருக்குப் பல வருடப் பழக்கம் என்பதால் கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வீட்டில் டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடினால் சோபாவில் இருந்தபடியே தரையை ஓங்கி மிதிப்பார். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து என்ன விழுந்தது என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

தொடர் பார்ப்பது எப்படித் தொழிலானது என்பதற்கு ஒரு கதை உண்டு. வங்கியில் வேலை செய்யும் ஓர் அம்மாள் கற்றுக்கொள்ள வந்தார். கிணற்றில் விழுந்தவர் கயிற்றைப் பிடிப்பதுபோல ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். மூச்சுவிடுகிறாரா என்றே மாஸ்டருக்குச் சந்தேகம். என்ன பேசுவது என்று தெரியாமல், நேற்று டிவியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுவைத்தார். அவ்வளவுதான். ஒரு தொடரில் வரும் மாமியாரை அந்த அம்மாள் கிழிகிழியென்று கிழிக்க ஆரம்பித்தார். மூன்றாவது கியருக்கு மாறினார். ரவுண்டானாவைச் சுற்றினார். தான் சுற்றியதே அவருக்குத் தெரியாது. மாமியாரைப் பற்றி மாஸ்டர் ஒரு வார்த்தை பரிந்து பேசியதும் இன்னும் சூடாகி, அழகாக ஒரு லாரியை முந்தினார்.

அன்றைக்கு மாஸ்டர் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டார். பேசாமல் ஓட்டுகிறவருக்குக் கை இறுகும், இறுகினால் வண்டி கோணல்மாணலாகப் போகும். இது முதலாவது. இரண்டாவதுதான் முக்கியம்: அவர்கள் சொல்வதை ஒத்துக்கொள்ளவே கூடாது. ஒத்துக்கொண்டால் பேச்சு இரண்டு தெருவுக்குள் தீர்ந்துவிடும். மறுத்துப் பேசினால் ஊரையே சுற்றி வரலாம்.

அதிலிருந்து யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "இப்ப என்ன பாத்துட்டிருக்கீங்க?" பதிலுக்கு எந்தப் பெயர் வந்தாலும் அன்றிலிருந்து அதை அவரும் பார்ப்பார். வெறும் 'ம்' கொட்டி ஏமாற்ற முடியாது. தொடர் பார்க்கிறவர்கள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே விளையாட்டுத் திடலின் மதில் ஓரமாக வண்டியை நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, போனை ஸ்டீயரிங்மேல் வைத்துப் பார்ப்பார். பிறகு ஆஸ்பத்திரித் தொடரில் தலைமை டாக்டர் செய்தது சரி என்று ஒருவரிடமும், அதே தலைமை டாக்டரைத் தூக்கில் போட வேண்டும் என்று இன்னொருவரிடமும் மனசாட்சி உறுத்தாமல் வாதாடுவார். ஒருவர் நான்காவது எபிசோடில் இருப்பார், இன்னொருவர் ஒன்பதாவதில். ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தரிடம் உளறிவிட்டார் என்று அவர்மேல் ஒரு புகாரும் கிடையாது.

அந்த நல்ல பெயரெல்லாம் வீட்டு வாசலோடு சரி.

அவர் ஆசைப்பட்டுப் பார்த்த அந்த ஒரு தொடரைப் பார்த்தது மனைவியோடு. துறைமுகத்தில் நடக்கும் கதை. சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரே ஒரு எபிசோடு. அடுத்து என்ன ஆகும் என்று மனசு என்னதான் அரித்தாலும் அடுத்த சனிக்கிழமைதான். ஒருத்தரை விட்டுவிட்டு ஒருத்தர் பார்க்கக்கூடாது. சட்டம் போட்டது மனைவி. கல்யாண நாளை அவர் மறந்துபோன வருடம்கூட அவள் இரண்டே நாளில் மன்னித்துவிட்டாள். இந்தச் சட்டத்தில் அந்தத் தாராளம் கிடையாது என்று முதல் எபிசோடு ஓடும்போதே சொல்லிவைத்திருந்தாள்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தாள். ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பது. ஊசியைப் பார்த்ததும் எல்லாரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். "நாள் முழுக்க மனுஷங்க கையை மட்டும்தாங்க பாக்கறேன், முகத்தைப் பாத்ததே இல்ல" என்பாள். அந்தக் கைகளை வைத்தே ஆளை எடைபோடும் பழக்கமும் வந்துவிட்டது.

துறைமுகத் தொடரில் ஒரு கணக்கர் உண்டு. தடித்த கண்ணாடி, தணிந்த குரல். வீட்டில் அவனுக்குக் கண்ணாடிக்காரன் என்று பெயர். இரண்டாவது எபிசோடில் துறைமுகக் கிடங்கு எரிந்துபோகிறது. தீ வைத்தது யார் என்பதுதான் கதை. கண்ணாடிக்காரன் நல்லவன் என்று மனைவி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பேனா பிடிக்கிற கையைப் பார்த்தாலே தெரிகிறதாம். ஊர் எரியும்போது அவ்வளவு அமைதியாக இருக்கிறவன்தான் தீ வைத்திருப்பான் என்றார் மாஸ்டர். இதை அவர் தொழிலுக்காகச் சொல்லவில்லை, மனசார நம்பினார். நான்கு மாதமாக அந்த வீட்டில் இதே வழக்கு. பிளஸ் டூ படிக்கும் மகள் மட்டும் யார் பக்கமும் சேராமல் வறுகடலை கிண்ணம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

அப்படியிருக்கும்போது ஒரு பல் டாக்டர் அம்மாள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். ஊரார் வாய்க்குள் கைவிட்டு வேலை செய்கிறவர், கிளட்சைக் கண்டு நடுங்கினார். என்ன பார்க்கிறீர்கள் என்று மாஸ்டர் கேட்டார். துறைமுகத் தொடர், முழுசாகப் பார்த்து முடித்துவிட்டேன், அந்தக் கடைசி எபிசோடைப் பற்றி யாரிடமாவது பேசாவிட்டால் எனக்குத் தூக்கமே வராது என்றார் டாக்டர். தனக்கு இன்னும் சில எபிசோடுகள் பாக்கி என்று மாஸ்டர் சொன்னதும் டாக்டர் வாயை இறுக மூடிக்கொண்டார். கையும் இறுகிக்கொண்டது. அன்று வண்டி ஒரு பால் பூத்தின் படியில் ஏறி நின்றது.

மறுநாள் மதில் ஓரத்தில் மாஸ்டர் மிச்சமிருந்த நான்கு எபிசோடுகளையும் ஒரே மூச்சில் பார்த்தார். கண்ணாடிக்காரன் நல்லவன். நல்லவன் என்றால் சாதாரண நல்லவன் இல்லை. எரிகிற கிடங்குக்குள் போய் ஆட்களை இழுத்துப்போட்டவனே அவன்தான். தீ வைத்தது துறைமுகத் தலைவர். மாஸ்டர் போனை அணைத்தார். சட்டத்தை மீறியதைவிட, மனைவி சொன்னதே சரி என்பதுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்தது.

இதை மறைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை என்றுதான் நினைத்தார். மறைத்தும் இருப்பார். மனைவியின் லைசென்ஸ் குறுக்கே வந்தது.

பரிசோதனை நிலையம் ஊரின் மறுகோடியில் புதுக் கிளை திறக்கவிருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கும் பிரிவு. அதற்குப் பொறுப்பாளராக அவளைப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு சின்னக் கார் கொடுப்பார்கள், ஓட்டத் தெரிய வேண்டும். அடுத்த மாதம் கிளை திறப்பதற்குள் லைசென்ஸ் இல்லையென்றால் வேறு ஆள். ஜன்னலில்லாத அறையிலிருந்து வெளியே வர அவளுக்கு வாய்த்த ஒரே வழி அது. டெஸ்ட்டில் அவள் ஏற்கெனவே மூன்று முறை தோற்றிருந்தாள். முதல் தடவை பின்னால் எடுக்கும்போது வரிசையாக நின்ற கோன்களை வரிசை குலையாமல் படுக்கவைத்தாள். இரண்டாம் தடவை மேட்டில் வண்டி நின்றுபோய், பின்னால் வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். மூன்றாம் தடவை அவள் ஓட்டிய வேகத்தைப் பார்த்து, நடந்துபோனால் சீக்கிரம் போயிருக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் பாதியிலேயே இறங்கிக்கொண்டார்.

அதுவரை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது டிரைவிங் ஸ்கூல் முதலாளி. பல வருடத்துக்கு முன்னால் மாஸ்டர் ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். அவள் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது முதலாளிக்கு முழங்காலில் ஆபரேஷன். நான்காவது டெஸ்ட்டுக்கு மூன்று நாள்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் பக்கத்து சீட்டில் கணவர் உட்கார்ந்தார்.

பழைய அனுபவம் ஞாபகம் இருந்ததால் இந்த முறை அவளிடம் வெண்ணெயாக நடந்துகொள்வது என்று முடிவு செய்திருந்தார். பேச்சுக் கொடுக்க வேண்டும், ஆனால் சண்டை வந்துவிடக்கூடாது. காய்கறி விலையில் ஆரம்பித்தார், மகளின் பரீட்சைக்கு வந்தார். கை இறுக்கம் தளரவில்லை. கடைசியில் அவளே துறைமுகத்தை இழுத்தாள். போன சனிக்கிழமை எபிசோடில் கண்ணாடிக்காரன் ராத்திரியில் தனியாகக் கிடங்குப் பக்கம் போனானே, அதை வைத்து அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிடாதீர்கள் என்றாள். அவன் அங்கே வேறு ஏதோ காரியமாகப் போயிருக்கிறான், வேண்டுமானால் பாருங்கள் என்றாள்.

"ஆமாம்மா, நீ சொல்றதுதான் சரி" என்றார் மாஸ்டர்.

ஒரு தெரு போனது. இன்னொரு தெருவும் போனது. அவள் வண்டியை ஓரமாக, கோடு போட்டதுபோல நிறுத்தினாள்.

"பாத்துட்டீங்க."

"என்னத்த?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொன்னது எதையாவது ஆமான்னு சொல்லியிருக்கீங்களா? மழை பெய்யுதுன்னா தூறல்னுவீங்க. நாலு மாசமா நல்லவன் நல்லவன்னு கத்தறேன், ஒரு நாளாவது இருக்கலாம்னு சொன்னீங்களா? இன்னிக்கு ஆமாங்கறீங்க. முடிவைப் பாத்துட்டீங்க."

மாஸ்டர் பல் டாக்டரைப் பற்றி, பால் பூத்தைப் பற்றி எல்லாம் சொல்லிப் பார்த்தார். தொழில் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்றார்.

"பாத்ததுகூடப் பரவால்ல. நான் ஜெயிக்கறப்ப உங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னு சனிக்கிழமை சனிக்கிழமையா உக்காந்திருந்தேன். அதைக் கெடுத்துட்டீங்களே."

அதோடு பேச்சை நிறுத்தினாள். ஆனால் ஓட்டுவதை நிறுத்தவில்லை. கிளம்பி, சந்தைத் தெருவின் நெரிசலுக்குள் புகுந்து வெளியே வந்தாள். மேட்டில் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்திக் காட்டினாள். திடலில் கோன்களுக்கு நடுவே பின்னால் எடுத்து, ஒன்றும் அசையாமல் உள்ளே விட்டாள். உதட்டைக் கடித்தபடி, ஓரக்கண்ணால் அவரை முறைத்தபடி. மாஸ்டரின் கால் பிரேக்கைத் தொடவே இல்லை. பேசாமல் ஓட்டினால் கை இறுகும் என்ற தன் சித்தாந்தத்தை அவர் அங்கேயே திருத்தி எழுத வேண்டியிருந்தது.

அடுத்த நாள் வீட்டில் மகள்தான் தூது. "அப்பா, சாப்பாடு மேசைமேல இருக்காம். அம்மா சொல்லச் சொன்னாங்க" என்பாள், அம்மா பக்கத்திலேயே நிற்கும்போது. வாதாடியே தொழில் நடத்துகிறவர் அம்மாவிடம் ஒத்துப்போய் மாட்டிக்கொண்டதை மகளால் ஜீரணிக்க முடியவில்லை. எதிர்த்துப் பேசுவது ஒன்றுதான் உங்களுக்கு நன்றாக வரும், அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். மாலையில் பயிற்சிக்குப் போனபோதும் அதே முறைப்பு, அதே அட்டகாசமான ஓட்டம்.

மாஸ்டருக்கு இப்போது புதுக் கவலை. மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாகிவிடலாம். அவளுக்கு இளகிய மனசு, இரண்டு நாளுக்குமேல் கோபம் தாங்காது. ஆனால் கோபம் போனால் கை இறுகிவிடுமே. அதனால் அவர் மன்னிப்புக் கேட்பதைத் தள்ளிப்போட்டார். அவள் கழுவிவைத்த டம்ளரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் கழுவினார். கோபம் அணையாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது.

டெஸ்ட் அன்று காலையில் அவளே காபி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். மாஸ்டருக்குப் பகீரென்றது.

"போனாப் போகுது, விடுங்க. வேலைக்காகத்தானே பாத்தீங்க" என்றாள். அதோடு விடாமல், மடங்கியிருந்த அவர் காலரை வேறு சரிசெய்தாள்.

டெஸ்ட் மைதானத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு வண்டிகள். மாஸ்டர் இறங்கிக் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். எவரையும் பாராட்டித் தொலைத்துவிடக்கூடாது என்று முகத்துக்குப் பூட்டுப் போட்டு வைத்திருப்பவர். முதல் வண்டிக்காரர் தோற்று இறங்கினார். இரண்டாவது வண்டி கோனைத் தட்டியது. மாஸ்டர் ஜன்னல் வழியே மனைவியின் கைகளைப் பார்த்தார். கிணற்றில் விழுந்தவர் கயிற்றைப் பிடித்த அதே பிடி. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

அவர் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பவா?"

"அன்னிக்கு நீ சொன்னது சரின்னு சொன்னேன்ல, அது சும்மா. நீ பதட்டப்படாம ஓட்டணுமேன்னு சொன்னது. கண்ணாடிக்காரன்தான் தீ வெச்சான். கடைசி எபிசோடுல அவனே ஒத்துக்கறான். நான் சொன்னதுதான் சரி."

அவள் மெதுவாகத் திரும்பினாள். ஆனால் கை இன்னும் ஸ்டீயரிங்கை விடவில்லை. போதவில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

"கையைப் பாத்து ஆளைச் சொல்றதெல்லாம் ஊசி போடற இடத்தோட வெச்சுக்க. கதை புரிய மூளை வேணும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கயிற்றுக்கு வெளியே வந்துவிட்டார். வாழ்க்கையில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அங்கே அவள் விரல்கள் ஒவ்வொன்றாக ஸ்டீயரிங்கை விட்டன. பிறகு லேசாகத் திரும்பப் பிடித்தன. இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. மேட்டில் நின்று, குலுங்காமல் ஏறியது. திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டது. கோன்களுக்கு நடுவே பின்னால் வரும்போது அவள் ஒரே ஒரு முறைதான் கண்ணாடியில் கயிற்றுப் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மாஸ்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார். வண்டி கோட்டுக்குள் நேராக வந்து நின்றது. கயிற்றோரம் நின்றவர் வலது காலைத் தூக்கியபடி நின்றிருந்தார், மிதிக்க ஒன்றும் இல்லாமல்.

நன்றாக ஓட்டுகிறீர்கள், யார் கற்றுக்கொடுத்தது என்று இன்ஸ்பெக்டர் பூட்டைத் திறந்து கேட்டாராம். டிரைவிங் ஸ்கூல் முதலாளி என்று அவள் பதில் சொன்னாளாம்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை வரை அவள் காத்திருக்கவில்லை. சட்டத்தைத் தானே தள்ளுபடி செய்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்தாள். மாஸ்டரை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, எல்லாம் தெரிந்தவர் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. மகள் கடலைக் கிண்ணத்தோடு நடுவில். ஒவ்வோர் எபிசோடாக ஓடியது. கண்ணாடிக்காரன் திரையில் வரும்போதெல்லாம் அவள் முகம் வாடியது. இந்தக் கைகள் எப்படித் தன்னை ஏமாற்றின என்பதுபோல அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை; வாயைத் திறக்கவும் முடியவில்லை.

கடைசி எபிசோடில் கிடங்கு எரிந்த இரவைத் திரும்பக் காட்டினார்கள். புகைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக ஆட்களை இழுத்துவந்து போட்டான் கண்ணாடிக்காரன், கண்ணாடி உடைந்துபோய், கையெல்லாம் தீப்புண்ணாக.

அவள் டிவியை விட்டு அப்படியே திரும்பி மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். நான்கு மாதம் காத்திருந்ததற்கு எவ்வளவு பார்க்கலாமோ அவ்வளவும் பார்த்தாள். மாஸ்டர் அசடு வழிந்துகொண்டிருந்தார். தோற்றவர் முகத்தில் என்னென்ன இருக்க வேண்டுமோ எல்லாம் இருந்தது. கூடவே, இருக்க வேண்டாத ஒரு சந்தோஷமும் இருந்தது.

முதலில் மகளுக்குத்தான் உறைத்தது. "அப்பா, நீங்கதான் முன்னாடியே பாத்துட்டீங்களே. அப்புறம் எதுக்குக் கெட்டவன்னு சொன்னீங்க?"

மனைவி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். மைதானம், கயிறு, ஜன்னல் வழியே குனிந்த தலை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

"எனக்குக் கோபம் வரணும்னுதானா?"

"கோபமா இருந்தாத்தான் உனக்கு ரிவர்ஸ் நேரா வருது."

"மூளை வேணும்னு சொன்னது?"

"கோபம் கொஞ்சம் பத்தல போலத் தெரிஞ்சுது. அதான் சேத்துக்கிட்டேன்."

அவள் எழுந்துவந்து கிண்ணத்தில் மிச்சமிருந்த கடலையை அவர் தலையில் கொட்டினாள். பிறகு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். இனிமேல் வண்டி எடுக்கும்போதெல்லாம் கோபத்துக்கு எங்கே போவாய் என்று மாஸ்டர் கேட்டார்.

"அதுக்கு நீங்க தனியா மெனக்கெட வேண்டாம். பக்கத்துல உக்காந்தாலே போதும்."

புதுக் கிளை அடுத்த மாதம் முதல் தேதி திறந்தது. தினமும் காலையில் அவள் பரிசோதனை நிலையத்தின் சின்னக் காரில் கிளம்பி, போகிற வழியில் அவரை டிரைவிங் ஸ்கூல் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறாள். அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்கு பிரேக் கிடையாது.